உலைச் சுவர் கெட்டால் எங்கே பார்ப்பது? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

கார்த்திகை மழை ஓய்ந்து, நின்றுபோன உலைகளை மறுபடி மூட்டும் வாரத்தில்தான் எனக்கு அழைப்புகள் அதிகம் வரும். மணலியிலிருந்து ஒருவர், விச்சூரிலிருந்து ஒருவர், திருவொற்றியூரில் சின்ன வார்ப்படப் பட்டறை வைத்திருப்பவர் ஒருவர். யார் அழைத்தாலும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "கல் சரியில்லை சார், மட்டமான சரக்கு." 26 ஆண்டுகளாக வடசென்னையில் உலைகளுக்கு லைனிங் (தீயைத் தாங்கும் உட்சுவர்) கட்டியும் இடித்தும் பார்த்தவன் நான். கல் உண்மையிலேயே மட்டமாக இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடுவேன். தீயைத் தாங்குவதற்கென்றே செய்த பொருளைத் தீ கெடுப்பதைவிடத் தண்ணீரும் உப்பும் கெடுப்பதைத்தான் இங்கே அதிகம் பார்த்திருக்கிறேன். கிழக்கே கடல், வடக்கே கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம், ஊடே பக்கிங்காம் கால்வாய். இந்த மண்ணில் ஈரம் இல்லாத மூலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உளியை எடுப்பதற்கு முன்

மூன்று கேள்விகளுக்குப் பதில் கிடைக்காமல் நான் எந்த உலைக்குள்ளும் தலையை விடுவதில்லை. கடைசியாக எத்தனை மணி நேரத்தில் சூடேற்றினீர்கள்? உள்ளே எதை உருக்கினீர்கள், அடியில் எதை எரித்தீர்கள்? கல்லும் கலவை மூட்டையும் உலைக்கு வருவதற்கு முன் எங்கே கிடந்தன? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. ஸ்டோர் பக்கம் ஒரு பார்வை மட்டும் போகும். அதுவே போதுமான பதில்.

உள்ளே இறங்குவதென்றால் உலை முழுதாக ஆறியிருக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு, சாவியை இறங்குபவர் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். பழைய லைனிங்கை உடைக்கும்போது கிளம்பும் தூசில் படிக சிலிக்கா இருக்கும். அது நுரையீரலில் தங்கினால் சிலிகோசிஸ். முகத்தில் ஈரத்துண்டு கட்டிக்கொள்வதைப் பாதுகாப்பு என்று நினைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. தூசுக்கென்று உள்ள முகக்கவசத்தை வாங்கிக் கொடுங்கள்.

பொருளின் குணத்தையும் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். சிலிக்காவும் தீக்களிமண் கல்லும் அமிலக் குணம். மக்னீசியாவும் டோலமைட்டும் காரக் குணம். அலுமினா இரண்டுக்கும் நடுவே நிற்கும். காரக் கசடு (உருக்கும்போது உருகி நிற்கும் கழிவு) அமிலக் கல்லைத் தின்னும், அமிலக் கசடு காரக் கல்லைத் தின்னும். உருகுநிலை சிலிக்காவுக்குச் சுமார் 1,720 டிகிரி செல்சியஸ், அலுமினாவுக்குச் சுமார் 2,050, மக்னீசியாவுக்குச் சுமார் 2,800. இந்த எண்களை மட்டும் பார்த்துக் கல் வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒரு நல்ல தீக்களிமண் கல் தனியாக நின்றால் 1,650 டிகிரிக்கு மேலும் உருவம் குலையாது. அதே கல்லின் தலையில் சுவரின் பாரத்தை ஏற்றினால் 1,300, 1,400 டிகிரிக்குள்ளேயே குழையத் தொடங்கிவிடும். விற்பவர் முதல் எண்ணைச் சொல்வார். இரண்டாவது எண்ணை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

அறிகுறி: புது காஸ்டபிள் சூடேற்றும்போது வெடித்துச் சிதறுகிறது

தண்ணீர் கலந்து, அச்சில் வார்த்துச் சுவராக்கும் தீத்தாங்குக் கலவைதான் காஸ்டபிள். முதல் நாள் மாலை பர்னரைப் பற்றவைத்திருப்பார்கள். நள்ளிரவில் பட்டாசு போல ஒரு சத்தம். காலையில் பார்த்தால் சுவரிலிருந்து தாம்பாளம் அளவுக்குத் துண்டுகள் பெயர்ந்து தரையில் கிடக்கும். உடைந்த முகத்தைத் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறாமல், சுத்தமாக, இரண்டு மூன்று விரற்கடை ஆழத்துக்கு உரிந்திருந்தால் காரணம் நீராவி. வேறெதையும் தேட வேண்டாம்.

காஸ்டபிளில் தண்ணீர் இரண்டு விதமாக ஒளிந்திருக்கிறது. துளைகளில் சும்மா நிற்கும் தண்ணீர் 100 டிகிரியை ஒட்டி வெளியேறும். கால்சியம் அலுமினேட் சிமெண்டோடு வேதியாகப் பிணைந்த தண்ணீர் பெரும்பகுதி 200 முதல் 350 டிகிரிக்குள்தான் விடுபடும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். வெளியேற வழி இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும்; 200 டிகிரியில் அடைபட்ட நீராவி வளிமண்டல அழுத்தத்தைப் போல 15 மடங்கு தள்ளும். பச்சைச் சுவருக்கு அதைத் தாங்கும் வலு கிடையாது. சிமெண்ட் குறைவான புதிய வகை காஸ்டபிள்கள் வலுவானவைதான், ஆனால் நெருக்கமானவை. ஆவி போகும் பாதை அவற்றில் இன்னும் குறுகல். அதனால்தான் அவற்றில் பாலிப்ரொப்பிலீன் இழை கலக்கிறார்கள். அது 160 டிகிரி சுமாரில் உருகி, ஆவி வெளியேற நுண்குழாய் போல வழிவிடும்.

சரிசெய்யும் வழி பொறுமைதான். தயாரிப்பாளர் தாளில் சூடேற்றும் அட்டவணை இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தாள் தொலைந்துபோயிருந்தால் (தொலைந்துதான் போயிருக்கும்) என் வழக்கம் இது. வார்த்தபின் 24 மணி நேரம் ஈரச்சாக்கு போர்த்தி இறுகவிடுவேன். அச்சைப் பிரித்த பிறகு ஒரு நாள் காற்றாட விடுவேன். பிறகு மணிக்கு 25, 30 டிகிரி வீதம் 110 வரை. அங்கே ஒவ்வொரு 25 மில்லிமீட்டர் கனத்துக்கும் ஒரு மணி நேரம் நிறுத்தம். அதே வேகத்தில் 350 வரை. மறுபடி அதே அளவு நிறுத்தம். அதற்குமேல் மணிக்கு 50 டிகிரி, 600இல் இன்னொரு நிறுத்தம். போதுமா என்று தெரிந்துகொள்ள, புகைவழி அருகே குளிர்ந்த இரும்புத் தகடு ஒன்றைக் காட்டுவேன். தகட்டில் பனி படிந்தால் சுவர் இன்னும் அழுகிறது என்று பொருள். அடுத்த படிக்குப் போக மாட்டேன். எண்ணெய், எரிவாயு பர்னரின் புகையிலேயே ஈரம் உண்டு என்பதால், நிறுத்தத்தின் தொடக்கத்தில் பார்த்த அளவோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு இடங்களில் எல்லோரும் தவறுகிறார்கள். ஒன்று, சூடு அளக்கும் தெர்மோகப்பிளைப் புகைபோக்கியில் வைத்துவிட்டு, தீ நாக்கு நேரே படும் சுவரும் அதே சூட்டில் இருப்பதாக நம்புவது. இரண்டு, வெளித்தகட்டில் ஆவி போகத் துளை போடாமல் விடுவது. மணலிப் பக்கம் ஒரு பட்டறையில் துளைகளைப் போட்டுவிட்டு, அசிங்கமாக இருக்கிறது என்று பெயிண்ட் பூசி அடைத்திருந்தார்கள். 14 மணி நேரம் கணக்காகச் சூடேற்றியும் வெடித்தது. பெயிண்டைச் சுரண்டியபோது துளைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது.

அறிகுறி: காஸ்டபிள் வாளியிலேயே இறுகுகிறது, அல்லது மறுநாளும் இறுகவில்லை

வாளியிலேயே இறுகினால் வெயில். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கிடந்த மூட்டையும், வெயிலில் காய்ந்த மிக்சர் டிரம்மும், மாடித் தொட்டித் தண்ணீரும் சேர்ந்தால் அரைமணி நேரம்கூடக் கிடைக்காது. விடியற்காலையில் வேலையைத் தொடங்குங்கள், தண்ணீரில் ஐஸ் போட்டுக் குளிரவையுங்கள், ஐஸ் முழுதாகக் கரைந்த பிறகு அளந்து ஊற்றுங்கள்.

இறுகவே இல்லை என்றால் மூட்டையின் வயதையும் தண்ணீரின் சுவையையும் பாருங்கள். சுவை என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்தது ஊரறிந்த கதை. எண்ணூர், கத்திவாக்கம் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் உப்பு கரிக்கும். அந்த உப்பு இறுக்கத்தைத் தாறுமாறாக்கும். வாயில் வைத்துக் குடிக்கமுடியாத தண்ணீரைக் காஸ்டபிளில் ஊற்றாதீர்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய சரக்குக்கு இரண்டு கேன் குடிதண்ணீர் வாங்கத் தயங்குபவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. மூட்டை ஆறு மாதத்துக்கு மேற்பட்டதாக, கையால் அமுக்கினால் உடையாத கட்டிகளோடு இருந்தால் அது காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டது. அதில் பூந்தொட்டி வேண்டுமானால் செய்யலாம்.

தண்ணீர் அளவு சரிதானா என்று பார்க்க ஒரு பழைய சோதனை உண்டு. கலவையை உருண்டை பிடித்து ஒரு முழத்துக்கும் குறைவாக மேலே தூக்கிப் போட்டுக் கையில் பிடியுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் குறைவு. விரலிடுக்கில் வழிந்தால் அதிகம். லேசாகத் தட்டையாகி உள்ளங்கையில் உட்கார்ந்தால் சரி. தானாகப் பாயும் வகைக் காஸ்டபிளுக்கு மட்டும் இது பொருந்தாது.

அறிகுறி: வெளித்தகடு சிவக்கிறது, பெயிண்ட் கொப்புளிக்கிறது

முதலில் செய்யக்கூடாததைச் சொல்கிறேன். சிவந்த இடத்தில் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். தகடு கோணும், வெல்டிங் விரியும், விரிசல் வழியே தண்ணீர் உள்ளே போனால் மேலே சொன்ன ஆவிக் கதைதான். சூடு தெரியாமலிருக்க வெளியே சூடு தடுக்கும் இழைக் கம்பளியைச் சுற்றுவது அதைவிட மோசம். சூடு வெளியேறும் வழியை அடைத்தால் தகடும், லைனிங்கை அதோடு சேர்த்துப் பிடித்திருக்கும் உலோகக் கொக்கிகளான ஆங்கர்களும், உள்ளே நிற்கும் கல்லும் இன்னும் சூடாகும். முன்பு கல்லின் முகத்திலேயே உறைந்து நின்ற கசடு இப்போது இன்னும் ஆழத்துக்குப் போய் உறையும்.

இன்ஃப்ராரெட் வெப்பமானியை எடுத்துக்கொண்டு தகட்டில் சாக்பீஸால் கட்டம் போட்டு அளங்கள். சூட்டின் வடிவம் காரணத்தைச் சொல்லும். உள்ளங்கை அளவு வட்டம் என்றால் ஓர் ஆங்கர் எரிந்து விழுந்து அங்கே லைனிங் பெயர்ந்திருக்கிறது. நேர்க்கோடு என்றால் கல் விரிவதற்கு விட்ட இடைவெளியில் அடைத்த இழை சுருங்கி, தீ சந்து வழியே பின்னால் போகிறது. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஒரே சீராக ஏறியிருந்தால் லைனிங் தேய்ந்திருக்கலாம், அல்லது பின்னால் உள்ள காப்புக்கல் நனைந்திருக்கலாம்.

மழைக்குப் பிறகு நான் முதலில் சந்தேகப்படுவது நனைந்த காப்புக்கல்லைத்தான். காப்புக்கல் சூட்டைத் தடுப்பது அதன் துளைகளில் உள்ள காற்றால். தண்ணீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் சூட்டைக் கடத்தும். துளையில் காற்றுக்குப் பதில் தண்ணீர் நின்றால் அந்தக் கல் இருந்தும் இல்லாததுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு பார்த்த உலைகளில் இந்த அறிகுறி அடுத்தடுத்து வந்தது. சூட்டை ஏற்றாமல் மிதமான தீயில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி மறுபடி அளந்தால், நனைந்ததாக இருந்தால் எண் இறங்கிக்கொண்டே வரும். இறங்காவிட்டால்தான் இடிக்கும் பேச்சு.

அறிகுறி: கல்லின் முகம் பாளம் பாளமாக உதிர்கிறது

விழுந்த துண்டைத் தூக்கி எறிந்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள். துண்டுதான் சாட்சி. அதைக் கழுவாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்.

துண்டின் குறுக்கே நிறப்பட்டைகள் தெரிந்து, பட்டையின் எல்லையில் முகத்துக்கு இணையாகவே உடைந்திருந்தால், கசடோ உப்போ உள்ளே ஊறிக் கல்லின் குணத்தையே மாற்றிவிட்டது. ஊறிய பகுதியும் ஊறாத பகுதியும் வெவ்வேறு அளவில் விரிந்து பிரிந்துவிட்டன. அங்கே பொருளை மாற்ற வேண்டும். அதே கல்லை வைத்து மறுபடி கட்டினால் அதே மாதத்தில் மறுபடி உதிரும்.

உடைந்த முகம் ஒழுங்கில்லாமல், நிறம் மாறாமல் இருந்தால் சூட்டு அதிர்ச்சி. கதவை அடிக்கடி திறந்து மூடும் இடத்திலும், பர்னர் வாயிலும் இதைப் பார்க்கலாம். சிலிக்கா கல்லில் இது தனிக்கதை. குவார்ட்ஸ் படிகம் 573 டிகிரியில் உருமாறிச் சட்டென்று பருக்கும். சிலிக்காவின் இன்னொரு படிகமான கிறிஸ்டோபலைட் 200 முதல் 270 டிகிரிக்குள் அதே வேலையைச் செய்யும். அதனால் சிலிக்கா கல் 600 டிகிரிக்குக் கீழே கண்ணாடிப் பாத்திரம் போல. அதற்கு மேலே எவ்வளவு ஏற்றி இறக்கினாலும் அசையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் உலையை முழுக்க அணைத்துச் சிக்கனம் பிடிப்பவர்கள் திங்கட்கிழமைதோறும் கல்லை இழக்கிறார்கள்.

மூன்றாவது வகை: விளிம்புகள் மட்டும், இணைப்பு ஓரமாகவே சில்லுச் சில்லாகத் தெறித்திருக்கும். இணைப்புகள் கத்திகூட நுழையாதபடி இறுகியிருக்கும். இது நெரிசல். கல் விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று நசுக்கியிருக்கிறது. 1,000 டிகிரியில் ஒரு மீட்டர் தீக்களிமண் சுவர் 5 முதல் 6 மில்லிமீட்டர் நீளும். மக்னீசியா சுவர் 13 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீளும். அந்த இடத்தைக் கட்டும்போதே விட வேண்டும். அட்டையோ மெல்லிய பலகையோ வைத்துக் கட்டினால் அது எரிந்து இடம் கொடுக்கும், சூடு அதிகமான இடத்தில் இழைக் கம்பளி வைக்கலாம். கம்பி உருட்டு ஆலை ஒன்றில் மேஸ்திரி எல்லா இடைவெளிகளையும் மார்ட்டர் (கல்லை ஒட்டும் சாந்து) வைத்து அழகாகப் பூசியிருந்தார். ஏன் என்றேன். "சந்து விட்டால் கட்டத் தெரியாதவன் என்று முதலாளி திட்டுவார் சார்" என்றார். வீடு கட்டும் கண்ணோடு பார்த்தால் அவர் சொன்னது சரிதான். நான் அந்த முதலாளியிடம்தான் பேசினேன்.

அறிகுறி: சுவர் கண்ணாடி போலப் பளபளக்கிறது, மெழுகுபோல ஒழுகி நிற்கிறது

உலைக்குள் ஏதோ ஒன்று கல்லின் உருகுநிலையை இறக்கியிருக்கிறது. விறகு உலை என்றால் சாம்பலின் பொட்டாசியம். எண்ணெய் உலை என்றால் ஃபர்னஸ் ஆயிலில் உள்ள வனேடியமும் சோடியமும். வனேடியம் ஆக்சைடு 700 டிகிரிக்குள்ளேயே உருகிக் கல்லுக்குள் இறங்கும்.

இங்கே இன்னொரு வகையும் உண்டு. கொதிகலன் ஒன்றின் தீ எரியும் அறையில் தீக்களிமண் கல் ஒரே பருவத்தில் வழிந்துபோனது. பகல் வெளிச்சத்தில் பார்த்தால் ஊறுகாய் ஜாடியின் மெருகு. விசாரித்ததில், காசிமேட்டுப் பக்கம் பழைய படகுகளை உடைத்த மரம் மலிவாகக் கிடைக்கிறது என்று லாரி லாரியாக வாங்கி எரித்திருக்கிறார்கள். பல்லாண்டு கடலில் கிடந்த மரத்தில் உப்பு. அது சூட்டில் ஆவியாகி, கல்லின் சிலிக்காவோடு சேர்ந்து சோடியம் கண்ணாடி ஆகியிருக்கிறது. ஜாடிக்கு மெருகேற்ற ஒரு காலத்தில் குயவர்கள் சூளைக்குள் உப்பை வீசியதும் இதே வேதியியல்தான். ஜாடிக்கு அது அழகு, உலைக்கு அது நோய். அலுமினா கூடுதலான கல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் விறகை மாற்றுவது கல்லை மாற்றுவதைவிட மலிவு.

அறிகுறி: இன்டக்‌ஷன் உலையில் அடிப்பகுதி குடைந்து யானைக்கால் விழுகிறது

இந்த உலையில் இரும்பை உருக்குவது, அதைச் சுற்றியுள்ள செம்புச் சுருளில் (காயில்) ஓடும் மின்சாரம். சுவரும் தரையும் சேரும் இடத்தில் லைனிங் உட்குடைந்து, உருகிய இரும்பு நிற்கும் குழி கீழே வீங்கிப் போவதை யானைக்கால் என்பார்கள். சிலிக்கா ராமிங் மாஸ் (குத்தி இறுக்கும் உலர்தூள்) போட்ட உலைகளில் இதுதான் பெரிய தலைவலி.

முதலில் கட்டிய விதத்தைக் கேளுங்கள். உலர்தூளை 75 முதல் 100 மில்லிமீட்டர் அடுக்காகக் கொட்டி, முள்கரண்டியால் குத்திக் காற்றை எடுத்து, மேல்முகத்தைக் கீறிவிட்டு அடுத்த அடுக்கைக் கொட்ட வேண்டும். அடிமூலை கைக்கு எட்டாத இடம். அங்கே அவசரப்பட்டால் அடர்த்தி குறையும், தேய்மானம் அங்கேயே தொடங்கும். போரிக் அமிலத்தின் அளவும் முக்கியம். ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும். சீக்கிரம் கெட்டிப்படட்டும் என்று கை நிறைய அள்ளிப் போட்டால் லைனிங்கின் தாங்கும் சூடு இறங்கிவிடும்.

கட்டுமானம் சரியென்றால் உள்ளே போட்டதைப் பாருங்கள். சாத்தாங்காடு இரும்புச் சந்தையைச் சுற்றிக் குவிந்திருக்கும் பழைய இரும்பைக் கடற்காற்று ஒரு வாரத்தில் செம்மண் நிறமாக்கிவிடும். துரு என்பது இரும்பு ஆக்சைடு. அது உலைக்குள் சிலிக்காவோடு சேர்ந்தால் சுமார் 1,200 டிகிரியிலேயே உருகும் ஃபயலைட் கசடாகிறது. உங்கள் உலை நடப்பது 1,500க்கு மேல். அப்படியென்றால் துருவேறிய ஒவ்வொரு கூடையும் சுவரைக் கரைத்துக் கசடாக்கிக்கொண்டிருக்கிறது. மாங்கனீசு கூடிய எஃகுப் பழைய இரும்பும் இதையே செய்யும். துருவையும் மண்ணையும் உதிர்த்து, கூரைக்குக் கீழே உலர்த்திப் போடுங்கள். நாக (துத்தநாக) முலாம் பூசிய தகடுகளைக் குறையுங்கள். நாகம் 907 டிகிரியில் கொதித்து, ஆவியாக லைனிங்குக்குள் புகுந்து, குளிர்ந்த காயில் பக்கம் போய்ப் படியும்.

வார்ப்பிரும்பு உருக்குபவர்களுக்கு இன்னொரு தடயம் ஆய்வகத் தாளிலேயே இருக்கிறது. உலையில் காத்திருந்த இரும்பில் கார்பன் குறைந்து சிலிக்கான் ஏறியிருந்தால், அந்தச் சிலிக்கான் சுவரிலிருந்து வந்தது. 1,450 டிகிரிக்கு மேல் கார்பன், சிலிக்காவின் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு வாயுவாகப் போய்விடும். அச்சு தயாராகவில்லை என்று உலையை முழுச் சூட்டில் காக்கவைக்கும் ஒவ்வொரு அரைமணியும் லைனிங் கணக்கில் செலவு.

அறிகுறி: எர்த் லீக்கேஜ் மீட்டர் ஏறுகிறது

உலையிலிருந்து மின்சாரம் தரைக்குக் கசிவதைக் காட்டும் மீட்டர் இது. மேலே சொன்ன எதையும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். இதை முடியாது.

லைனிங் புதிது, முதல் சில ஹீட்கள் (ஒருமுறை உருக்கி ஊற்றுவது ஒரு ஹீட்) மட்டுமே ஆகியிருக்கின்றன, முள் மெல்ல ஏறி அடுத்தடுத்த ஹீட்களில் மெல்ல இறங்குகிறது என்றால், போரிக் அமிலமும் காயில் பூச்சும் விட்ட ஈரம் பின்பக்கம் சேர்ந்து உலர்கிறது. கவனித்துக்கொண்டே இருங்கள். காயிலின் தண்ணீர்க் குழாய் இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். அதுவும் இதே போலத்தான் காட்டும்.

நடுவயது லைனிங்கில் முள் சட்டென்று ஏறினால் உலோகம் காயிலை நோக்கிப் போகிறது. அப்போது வாதம் வேண்டாம். மின்சக்தியை நிறுத்தி, உலையைக் காலி செய்யுங்கள். காயிலின் குளிர்நீரை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். சந்தேகம் தீர்க்க இன்னொரு ஹீட் ஓட்டிப் பார்ப்போம் என்று சொல்பவரை அன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மீட்டர் வேலை செய்கிறதா என்பதையும், உருகிய உலோகத்தைத் தரையோடு இணைக்க அடியில் பதித்த சிலந்திக் கம்பி அந்த உலோகத்தைத் தொடுகிறதா என்பதையும் ஒவ்வொரு புது லைனிங்குக்கும் சோதியுங்கள். முள் சுழியத்தில் நிற்பது நல்ல செய்தியாகவும் இருக்கலாம், அறுந்த கம்பியாகவும் இருக்கலாம்.

இதோடு சேர்ந்தது உலைக்கு அடியில் உள்ள குழி. உலை பிளந்தால் உலோகம் அங்கேதான் போகும். நம் பகுதியில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மட்டம் ஏறி, தரையிலிருந்தே அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊறும். உருகிய இரும்பு தண்ணீரின் மேல் விழுந்தால் நடப்பதை வெடிவிபத்து என்றுதான் சொல்ல வேண்டும். சுவர் நன்றாக இருக்கிறதா என்று கேட்டு அழைத்த ஒரு பட்டறையில், நான் முதலில் டார்ச் அடித்தது குழிக்குள். கணுக்கால் அளவு தண்ணீர், அதில் தவளை. சுவரைப் பார்க்காமலே உலையை நிறுத்தச் சொன்னேன். மழைக்காலத்தில் ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் குழியைப் பார்த்துக் கையெழுத்திட ஓர் ஆளை நியமியுங்கள். மோட்டார் இருக்கிறது என்ற நம்பிக்கை போதாது, மழையன்று மின்சாரமும் போகும்.

அறிகுறி: கட்டுவதற்கு முன்பே கல் வெடித்திருக்கிறது

மக்னீசியா கல்லின் பெட்டியைப் பிரித்தால் வறண்ட ஏரி போல விரிசல், மேலே வெள்ளைப் பொடி. காற்றின் ஈரத்தோடு சேர்ந்து மக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறிப் பருத்துவிட்டது. சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டில் வெட்டும் வெள்ளைக்கல்லைச் சுட்டுத்தான் மக்னீசியா எடுக்கிறார்கள். அந்த வறண்ட ஊரில் நன்றாக இருக்கும் சரக்கு எண்ணூர்க் காற்றில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. மருந்து கிடையாது. சுத்தியலால் தட்டிப் பாருங்கள்: மணிபோல ஒலிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், மந்தமாக ஒலிப்பதை ஒதுக்குங்கள். அடுத்த முறை மழைக்கு முன் வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள்.

அறிகுறி: இணைப்புகளிலிருந்து மார்ட்டர் பொடியாகக் கொட்டுகிறது

மணலைப் போலக் கொட்டினால் யாரோ வீடு கட்டும் சிமெண்டைக் கலந்திருக்கிறார்கள். அந்தச் சிமெண்டின் பிணைப்பு 500 டிகிரிக்குள் குலைந்து சுண்ணாம்பாகும். உலை ஆறும்போது அந்தச் சுண்ணாம்பு காற்றின் ஈரத்தைக் குடித்துப் பொரிந்து உதிரும். கட்டிய அன்று கல்போல நிற்பதால் யாருக்கும் சந்தேகமே வராது. கல்லின் இனத்தோடு ஒத்த மார்ட்டரை வாங்கி, ஒன்று இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் மெல்லிசாகப் பூசுங்கள்.

அறிகுறி: இழைக் கம்பளி சுருங்கிச் சந்து விழுகிறது

1,260 டிகிரி என்று பெட்டியில் எழுதியிருப்பது அதன் வகைப்பெயர். தொடர்ந்து அந்தச் சூட்டில் வைத்தால் இழை படிகமாகிச் சுருங்கி நொறுங்கும்; அதைவிட 100, 150 டிகிரி குறைவாகவே ஓட்டுங்கள். சந்தில் புதுக் கம்பளியை அமுக்கிச் செருகினால் போதும், முழுவதையும் பிடுங்க வேண்டாம். பழைய கம்பளியைப் பிரிக்கும்போது அதிலும் இப்போது படிக சிலிக்கா இருக்கும், முகக்கவசத்தை மறக்காதீர்கள்.

எதிலும் பொருந்தாவிட்டால்

முழுச் சுவரையும் இடிக்காதீர்கள். மோசமான இடத்தில் ஒரு கல், நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு கல், இரண்டையும் முகத்திலிருந்து முதுகுவரை முழுதாக எடுங்கள். குறுக்கே உடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மீதியுள்ள கனத்தை அளங்கள், நிறம் மாறிய ஆழத்தை அளங்கள். நீங்களே பார்த்துச் சொல்லிவிடக்கூடிய காரியம் அதில் பாதி இருக்கும். மீதிப் பாதிக்கு, செய்தித்தாளில் சுற்றி, தேதி, உலை எண், எத்தனையாவது அடுக்கு, தீ எந்தப் பக்கம் பார்த்தது என்று எழுதி என்னைப் போன்றவர்களிடம் கொண்டுவாருங்கள். எதுவும் எழுதாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கற்கள் நான்கு என் வீட்டு மாடிப்படியில் கிடக்கின்றன. அவை எந்த உலையில் இருந்தவை என்று கொண்டுவந்தவர்களுக்கே இப்போது நினைவில்லை.